வேலை சென்னையில், வீடு கிராமத்தில்: வாரத்தில் சில நாள் மட்டும் ஆபீஸ் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஆபீஸ் வந்தால் போதும் என்று ஆனதில் இருந்து, சென்னையை விட்டு வெளியே குடிபோகலாமா என்று யோசிப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் முதலில் எடுத்துக் காட்டுவது ஒரு நிலத்தின் போட்டோவைத்தான். நான்கு தென்னை, ஒரு கிணறு, பின்னால் ஏரிக்கரை, பார்க்க அழகாகத்தான் இருக்கும். அங்கே இருந்து கிளம்பி செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு கிண்டியில் எப்படி நிற்பீர்கள், அன்றைக்கு வீட்டில் மோட்டார் போடுவது யார், பிள்ளையைப் பள்ளியில் இருந்து கூட்டிவருவது யார் என்று கேட்டால் பதில் வராது.

நீங்கள் ஊரில் இருக்கிற நாட்களுக்கு வழிகாட்டி எதுவும் தேவையில்லை, அவை தானாகப் போய்விடும். நீங்கள் ஊரில் இல்லாத அந்த இரண்டு மூன்று நாட்களுக்குத்தான் திட்டம் வேண்டும். போன வேகத்தில் திரும்பி வந்தவர்கள் எல்லோரும் சறுக்கியது அந்த நாட்களில்தான். அதனால் இங்கே வரிசையே கொஞ்சம் தலைகீழாக இருக்கும்: முதலில் ஆபீஸ், அப்புறம் பாதை, அப்புறம் ஊர், கடைசியில்தான் வீடும் நிலமும். நான் மதுராந்தகம் பக்கம் இருந்து போய்வருபவன், அதனால் தெற்குத் திசையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன்.

1. ஆபீஸில் பேசி முடியுங்கள்

"எங்க மேனேஜர் ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்பதை நம்பி வீடு மாறாதீர்கள். மேனேஜர் மாறுவார், பிராஜெக்ட் மாறும், ஒரு திங்கட்கிழமை காலை "அடுத்த மாதம் முதல் வாரம் நான்கு நாள்" என்று மெயில் வரும். எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: வாரத்துக்கு எத்தனை நாள், எந்தெந்த நாள் என்று நீங்களே முடிவு செய்யலாமா, அவசரமாகக் கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் வந்து சேர வேண்டும். கம்பெனி கேப் உண்டு என்றால் எந்த எல்லை வரை வரும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாளை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றால் செவ்வாய், புதன், வியாழனுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். திங்கள் காலை தென் மாவட்டமே சென்னைக்குள் நுழையும், வெள்ளி மாலை சென்னையே வெளியே போகும், இரண்டுக்கும் திருச்சி நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. ரோடு ஒன்றுதான். இரண்டு நாளும் அடுத்தடுத்து வந்தால் இன்னும் நல்லது, நடுவில் ஒரு ராத்திரி நகரத்திலேயே தங்கிவிட்டால் பாதிப் பயணம் குறையும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வரி விஷயம் ஒன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பழைய வரி முறையில் இருந்துகொண்டு வாடகைப்படிக்கு (HRA) விலக்கு வாங்குகிறவர் என்றால், குடியிருக்கும் வீடு சென்னையில் இருக்கும்வரை கணக்கில் வரும் உச்சவரம்பு அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம். வெளியே போனதும் அது 40 ஆகும். ஆபீஸ் எங்கே இருக்கிறது என்பது கணக்கில்லை, வீடு எங்கே என்பதுதான் கணக்கு. புதிய வரி முறையில் இந்த விலக்கே கிடையாது என்பதால் அதில் இருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம்.

2. திசையை ஆபீஸ்தான் முடிவு செய்யும்

சொந்த ஊர் எந்தப் பக்கம், மாமனார் வீடு எந்தப் பக்கம் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். நகரத்தை ஊடறுத்து மறுபக்கம் போகிற மாதிரி வீடு பார்த்தால் ஆறு மாதம் தாங்காது. செங்கல்பட்டில் வீடு, அம்பத்தூரில் வேலை என்றால் வரைபடத்தில் பக்கம் மாதிரி தெரியும், நேரில் போய்ப் பாருங்கள் தெரியும்.

கிண்டி, சைதாப்பேட்டை, தாம்பரம், எழும்பூர் பக்கம் வேலை என்றால் தெற்கு வழி. சென்னை கடற்கரை ஸ்டேஷனில் இருந்து செங்கல்பட்டு வரை சுமார் 60 கிலோமீட்டர், மின்சார ரயில் அடிக்கடி உண்டு, முழுத் தூரமும் போனால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். இங்கே தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி, செங்கல்பட்டுதான் உண்மையான எல்லை. அதைத் தாண்டி ஒத்திவாக்கம், படாளம், கருங்குழி, மதுராந்தகம், மேல்மருவத்தூர், அச்சிறுபாக்கம் என்று ஸ்டேஷன்கள் வரிசையாக இருந்தாலும் நாளுக்குச் சில வண்டிகள்தான் நிற்கும். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருப்பதைவிட பஸ் பிடிப்பதே மேல். நிலத்தின் விலையும் செங்கல்பட்டைத் தாண்டியதும் சட்டென்று இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

செங்கல்பட்டில் இருந்து மேற்கே அரக்கோணம் போகும் ஒற்றைத் தடத்தில் பாலூர், பழையசீவரம், வாலாஜாபாத், காஞ்சிபுரம் வருகின்றன. பாலாற்றை ஒட்டிய நல்ல ஊர்கள். வண்டிகள் குறைவு, ஆனால் வேலை ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்றால் ரயிலே வேண்டாம், வாலாஜாபாத் அல்லது உத்திரமேரூர் பக்கம் இருந்து பைக்கிலோ காரிலோ நகரத்தைத் தொடாமலே போய்விடலாம். என்னைக் கேட்டால், இந்த மொத்தக் கணக்கில் அதிர்ஷ்டசாலிகள் இவர்கள்தான்.

அம்பத்தூர், பெரம்பூர், சென்ட்ரல் என்றால் மேற்கு வழி: திருவள்ளூர், கடம்பத்தூர், மணவூர், திருவாலங்காடு, அரக்கோணம், திருத்தணி. இந்தப் பாதையில் ரயில் அதிகம், அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு பட்டரவாக்கத்திலேயே இறங்கலாம். வெறும் ரயிலை நம்பி வாழ்வதற்கு தெற்கைவிட மேற்குதான் வசதி. வடக்கே பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, அதைத் தாண்டினால் சூலூர்பேட்டை ஆந்திரா, அங்கே போனால் பத்திரம், ரேஷன், பள்ளி எல்லாமே வேறு மாநிலத்துக் கணக்கு, அதற்கு வேறு வழிகாட்டி வேண்டும்.

ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் பழைய மகாபலிபுரம் சாலை, அதாவது ஓ.எம்.ஆர். தான் சிக்கல். சிறுசேரி, சோழிங்கநல்லூர் வேலைக்கு நேரடி ரயில் கிடையாது. செங்கல்பட்டில் இருந்து திருப்போரூர் போகும் சாலையை ஒட்டிய கிராமங்கள் ஒத்துவரும், அல்லது திருப்போரூருக்குத் தெற்கே திருக்கழுக்குன்றம் பக்கம். இந்த வழியில் சொந்த வண்டி இல்லாமல் சமாளிப்பது கஷ்டம் என்பதை ஒப்புக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

3. குடிபோகும் முன் ஒத்திகை

ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்களா, சரி, இன்னும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அந்த ஊரிலோ பக்கத்து டவுனிலோ ஒரு லாட்ஜில் தங்கி, வேலை நாளில் அங்கே இருந்தே ஆபீஸ் போய் வாருங்கள். வீட்டு வாசலில் இருந்து உங்கள் நாற்காலி வரை கணக்கு எடுக்க வேண்டும், ஸ்டேஷனில் இருந்து ஸ்டேஷனுக்கு அல்ல. கிராமத்தில் இருந்து ஸ்டேஷனுக்கு எட்டு கிலோமீட்டர் பைக், ஸ்டாண்டில் வண்டி போட ஐந்து நிமிடம், பிளாட்பாரம் மாற, ரயில், இறங்கி ஷேர் ஆட்டோ என்று கூட்டிப் பார்த்தால் ஒன்றரை மணி நேரம் என்று நினைத்தது இரண்டே கால் ஆகும். ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரத்தைத் தாண்டினால் வாரம் இரண்டு நாளே அதிகம் என்பது என் கருத்து. சிலருக்கு மூன்று மணி நேரமும் ஓடும், ரயிலில் உட்கார இடம் கிடைத்துத் தூங்குகிறவர்களுக்கு.

திரும்பும் வழியை இன்னும் கவனமாகப் பாருங்கள். கடைசி ரயில் எத்தனை மணிக்கு, அதைத் தவறவிட்டால் என்ன? தென் மாவட்ட பஸ்கள் 2023 டிசம்பர் இறுதியில் இருந்து கிளாம்பாக்கத்தில்தான் கிளம்புகின்றன, ராத்திரி முழுக்க வண்டி இருக்கும். ஆனால் திருச்சி, மதுரை போகிற வண்டிக்காரர் நடுவில் இறங்குகிறவரை ஏற்றவே யோசிப்பார், ஏற்றினாலும் "ஊருக்குள்ள போகாது" என்று பைபாஸிலேயே இறக்கிவிடுவார். ராத்திரி பதினொன்றரைக்கு பைபாஸில் இருந்து உங்கள் பைக் நிற்கும் ஸ்டேஷன் எவ்வளவு தூரம், ஸ்டாண்ட் அந்நேரம் திறந்திருக்குமா? இதற்காகவே பலர் பைக்கை ஸ்டேஷனில் விடாமல் பைபாஸ் ஓரக் கடையில் சொல்லிவைத்து விடுகிறார்கள்.

இந்த ஒத்திகையை ஒரு சாதாரண வாரத்திலும் ஒரு மோசமான வாரத்திலும் செய்ய வேண்டும். மேல்மருவத்தூருக்கு மார்கழி, தை மாதங்களில் இருமுடிக் கூட்டம், திருத்தணிக்கு ஆடிக் கிருத்திகை, பொங்கல் தீபாவளிக்கு பரனூர் சுங்கச்சாவடி. உங்கள் பாதையில் எது வருகிறது என்று தெரிந்திருந்தால் அந்த நாட்களை முன்கூட்டியே வீட்டில் இருந்து வேலை என்று குறித்துவைக்கலாம்.

செலவுக் கணக்கையும் இங்கேயே போட்டுவிடலாம். ரயில் சீசன் டிக்கெட் 150 கிலோமீட்டர் வரை கிடைக்கும், மாதத்துக்கும் மூன்று மாதத்துக்கும் உண்டு. வாரம் இரண்டு நாள் மட்டும் போகிறவருக்கு தினசரி டிக்கெட்டோடு ஒப்பிட்டால் பெரிய லாபம் வராது, கியூவில் நிற்க வேண்டாம் என்பதுதான் லாபம். சீசனை வைத்துக்கொண்டு எக்ஸ்பிரஸின் ரிசர்வேஷன் பெட்டியில் ஏறிவிடாதீர்கள், அபராதம் போடுவார்கள். கார் என்றால், 2025 ஆகஸ்ட் 15 முதல் தனியார் கார்களுக்கு ஃபாஸ்டேக் வருடப் பாஸ் வந்திருக்கிறது: தொடங்கியபோது 3,000 ரூபாய், ஒரு வருடம் அல்லது 200 முறை, எது முதலில் முடிகிறதோ அதுவரை. மதுராந்தகத்தில் இருந்து வருகிறவருக்கு பரனூர் ஒன்றுதான் குறுக்கே வரும். வாரம் இரண்டு நாள், போகவர நான்கு முறை, ஐம்பது வாரம் என்றால் சரியாக 200. திண்டிவனம் பக்கம் போனால் ஆத்தூர் சுங்கச்சாவடியும் சேர்ந்து பாஸ் ஆறு மாதத்தில் தீரும். சுங்கச்சாவடியில் இருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருந்தால் உள்ளூர்வாசிகளுக்கான மாதப் பாஸ் தனியாக உண்டு, ஆதார் முகவரி மாறியிருக்க வேண்டும்.

4. முதல் வருடம் வாடகைதான்

இதில் நான் பிடிவாதம். எவ்வளவு பணம் கையில் இருந்தாலும் ஒரு சித்திரையையும் ஒரு கார்த்திகையையும் வாடகை வீட்டில் கழித்துவிட்டுத்தான் நிலம் வாங்க வேண்டும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் எல்லாமே ஏரிகளின் நாடு, ஒரு ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகிற வழி எது என்பது மே மாதத்தில் பார்த்தால் தெரியாது. கோடையில் காய்ந்துபோன பள்ளமாக, "ரேட் கம்மி சார்" என்று காட்டப்படும் இடம் நவம்பரில் ஏரி நிரம்பி வழியும் கலங்கல் தண்ணீர் ஓடுகிற பாதையாக இருக்கும். அதேபோல நவம்பரில் தளும்புகிற கிணறு மே மாதம் என்ன சொல்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

கிராமத்தில் வாடகைக்கு வீடு என்று போர்டு தொங்காது, ஆப்பில் தேடினாலும் கிடைக்காது. டீக்கடை, மளிகைக்கடை, பள்ளி ஆசிரியர், பால் சொசைட்டி, இவர்களிடம் கேட்டால் "மெட்ராஸ்ல இருக்கற பையனோட வீடு பூட்டிக் கெடக்கு" என்று ஒன்று வரும். அப்படிப் பூட்டிக் கிடக்கும் வீடுகள்தான் நல்லவை, அட்வான்ஸும் சென்னை மாதிரி பத்து மாதம் கேட்க மாட்டார்கள். பாத்ரூம் உள்ளேயா வெளியேயா, மின் இணைப்பு யார் பெயரில், தளம் ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடு கேட்கும்போதே "நீங்க எந்த ஊரு, என்ன ஆளுங்க" என்ற கேள்வி வரும். நகரத்தில் சுற்றி வளைத்துக் கேட்பதை இங்கே நேராகக் கேட்பார்கள், பதிலைப் பொறுத்து எந்தத் தெருவில் வீடு கிடைக்கும், கிடைக்காது என்பது மாறும். ஊர் ஒரு பக்கம், தலித் மக்கள் வாழும் காலனி ஒரு பக்கம் என்று பிரிந்திருப்பது இன்றும் உண்மை. இதைப் பேசாமல் கிராம வாழ்க்கை பற்றி எழுதுபவர்கள் பாதியைத்தான் எழுதுகிறார்கள். இந்தக் கேள்வியே வேண்டாம் என்பவர்கள், அல்லது இதனால் அடிபடக்கூடிய இடத்தில் இருப்பவர்கள், கிராமத்துக்குள் போகாமல் மதுராந்தகம், உத்திரமேரூர், திருத்தணி மாதிரி சிறிய டவுனின் ஓரத்தில் முதல் வருடம் இருந்து பார்க்கலாம். அங்கே அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் என்று வெளியூர்க்காரர்கள் இருப்பதால் கேள்வியின் சூடு கொஞ்சம் குறைவு, இல்லாமல் போகாது.

5. நிலம் வாங்குவதென்றால்

ஒரு வருடம் ஓட்டிவிட்டீர்கள், இதுதான் ஊர் என்று முடிவு. இப்போது காகிதம்.

பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) ஆகிய நான்கையும் வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம், விற்பவர் தரும் ஜெராக்ஸை நம்ப வேண்டாம். அ-பதிவேட்டில் அந்த சர்வே எண் என்ன வகை என்று இருக்கும்: நஞ்சையா, புஞ்சையா, ஏரி புறம்போக்கா, கோயில் நிலமா. பஞ்சமி நிலம் என்று இருந்தால், அது பட்டியல் சாதி மக்களுக்காக ஒதுக்கப்பட்டது, வேறு யாரும் வாங்க முடியாது, "எல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று சொல்லும் புரோக்கரோடு டீ குடிப்பதையும் நிறுத்திவிடுங்கள். நிலம் யார் யார் கை மாறியது, அடமானம் உண்டா என்று காட்டும் வில்லங்கச் சான்றைக் குறைந்தது 30 ஆண்டுகளுக்கு எடுங்கள்.

புலப்படத்தில் பார்க்க வேண்டியது பாதை. நிலம் இருக்கும், பட்டா இருக்கும், அதற்குப் போகிற வழி இன்னொருவர் வரப்பாக இருக்கும். இன்றைக்கு அவர் விடுகிறார், நாளைக்கு அவர் மகன் வேலி போடுவார். வண்டிப் பாதை படத்திலேயே இருக்கிறதா, இல்லையென்றால் பத்திரத்தில் பாதை உரிமை எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்கக் கூடாது.

பல பேர் பெயரில் இருக்கும் கூட்டுப் பட்டா என்றால் எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் வேண்டும், கட்டிக்கொடுத்த பெண் பிள்ளைகள் உட்பட. தமிழ்நாட்டில் 1989 முதலே பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை உண்டு (அதற்கு முன்பே கல்யாணமானவர்கள் கணக்கு 2005 மத்திய சட்டத்துக்குப் பிறகு மாறியது), "அக்காங்க எல்லாம் கேக்க மாட்டாங்க" என்ற பேச்சு கோர்ட்டில் நிற்காது. உள்ளூர் வக்கீல் ஒருவருக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாயில் கஞ்சத்தனம் வேண்டாம், விற்பவர் காட்டும் வக்கீலாக மட்டும் இருக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம், அதில் தடை இல்லை. ஆனால் நஞ்சையில் வீடு கட்ட நிலப் பயன்பாட்டு மாற்றம் வாங்க வேண்டும், அது நீண்ட அலைச்சல். மனையாக வாங்குவதென்றால் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம், அல்லது 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைப் பிரிவாக இருந்து வரன்முறை செய்யப்பட்டிருக்க வேண்டும். "பண்ணை வீடு, மாமரம் இலவசம்" என்று நெல் வயலின் நடுவில் கொடி கட்டி விற்கிறவற்றில் உங்களுக்குத் தனிப் பட்டா வருமா, பிரிக்கப்படாத பங்கு மட்டும்தானா என்று கேட்டாலே பாதிப் பேர் பேச்சை மாற்றுவார்கள்.

பதிவுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம் எடுத்துவையுங்கள். 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும், 2025 ஏப்ரலில் இருந்து. வீட்டுக்கு வரைபட அனுமதி இப்போது எளிது: 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம் என்றால் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே வாங்கலாம், 2024 ஜூலையில் இருந்து உண்டு.

6. தண்ணீர், கரண்ட், நெட்

கிராமத்தில் இந்த மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியவை. கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, நெட்டும் போகும்.

மாதம் ஒரு நாள் துணை மின்நிலையப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க கரண்ட் இருக்காது, அறிவிப்பு முன்பே வரும். அந்த நாளை ஆபீஸ் நாளாக வைத்துக்கொள்ளுங்கள், பிரச்சினை தீர்ந்தது. அறிவிப்பில்லாமல் போவதுதான் தொல்லை, ஒரு காற்று மழைக்குத் தென்னை மட்டை கம்பியில் விழுந்தால் லைன்மேன் வந்து எடுக்கும்வரை இருட்டுதான். வேலை செய்யும் அறைக்கு இன்வெர்ட்டர் கட்டாயம். கூரையில் சோலார் போடுகிறவர்களுக்கு மத்திய அரசின் மானியம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை கிடைக்கிறது, போடலாம், ஆனால் மின்வாரிய லைனோடு இணைந்த சாதாரண ஆன்-கிரிட் சோலார் கரண்ட் போகும்போது தானும் நின்றுவிடும், அதை இன்வெர்ட்டருக்கு மாற்றாக நினைத்து வாங்காதீர்கள்.

நெட்டுக்கு ஊர் கேபிள்காரரைப் பிடியுங்கள். பி.எஸ்.என்.எல். ஃபைபரோ வேறு எதுவோ, கடைசியில் உங்கள் வீட்டுக்கு வயர் இழுப்பது அவர்தான், அறுந்தால் வந்து ஒட்டுவதும் அவர்தான். அவருடைய பெட்டிக்கு யு.பி.எஸ். இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் பயனில்லை. வீட்டு ரவுட்டருக்குச் சிறிய 12 வோல்ட் யு.பி.எஸ். ஒன்று மாட்டிவிட்டால் சில மணி நேரம் ஓடும். ஃபைபர் ஒரு கம்பெனி, மொபைல் சிம் வேறு கம்பெனி என்று இரண்டு வழி வைத்துக்கொள்ளுங்கள். சிக்னலை மொட்டை மாடியில் மத்தியானம் பார்த்துத் திருப்திப்படாமல், நீங்கள் மேஜை போடப்போகும் அறைக்குள் இரவு எட்டு மணிக்கு, ஊரே சீரியலும் ரீல்ஸும் பார்க்கிற நேரத்தில் பாருங்கள்.

தண்ணீருக்கு பஞ்சாயத்துக் குழாய் வருகிறதா, எத்தனை மணிக்கு, யார் திறந்துவிடுகிறார்? அந்த டேங்க் ஆபரேட்டர்தான் ஊரிலேயே நீங்கள் முதலில் பழக வேண்டிய ஆள், தலைவரெல்லாம் அப்புறம். போர் இருந்தால் தண்ணீரைக் குடிநீர் வாரியத்தின் சோதனைக்கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். மேல்நிலைத் தொட்டி மட்டும் பெரிதாக வையுங்கள், நீங்கள் இல்லாத நாளில் மோட்டார் பழுதானால் வீட்டில் இருப்பவர்கள் இரண்டு நாள் ஓட்டும் அளவுக்கு.

7. நீங்கள் இல்லாத நாள்

ஒரு காகிதம் எடுத்து, நீங்கள் காலை ஐந்தரைக்குக் கிளம்பி ராத்திரி ஒன்பதரைக்கு வருகிற நாளை மணிவாரியாக, வீட்டில் இருப்பவரின் பக்கத்தில் இருந்து எழுதுங்கள். நீங்களே எழுதாமல் அவரை எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. கேஸ் தீர்ந்தால்? அப்பாவுக்கு மூச்சு வாங்கினால்? பள்ளி வேன் வரவில்லை என்றால்? வீட்டில் இருப்பவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்றால், குடிபோகும் முன் அதுதான் முதல் வேலை, நிலம் பார்ப்பதற்கும் முன்னால். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பது பெரிய உதவிதான், பஸ் நாளுக்கு நான்கு தடவைதான் வரும் என்றால் அதை மட்டும் நம்ப முடியாது. கிராமத்துக்குப் போன குடும்பங்களில் கணவன் ரயிலில் ஏறிச் சென்னையில் நண்பர்களோடு காபி குடித்துவிட்டு வர, மனைவிக்கு ஊரும் புதிது, பேச்சுத்துணையும் இல்லை, மாமியாரும் கூடவே என்று ஆகிவிட்டால் அந்தக் குடித்தனம் ஊரில் நிற்காது. அவருக்கும் வாரத்தில் ஒரு நாள் நகரம் போகிற வாய்ப்பு வேண்டும், அன்றைக்கு நீங்கள் வீட்டில்.

பெரியவர்கள் கூட இருந்தால் ஆஸ்பத்திரிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே, ராத்திரி டாக்டர் இருப்பாரா, பெரிய சிகிச்சைக்கு எங்கே போவீர்கள். தெற்கே இருப்பவர்களுக்கு செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 108-க்கு வழி சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், வீட்டு எண் உதவாது, "மாரியம்மன் கோயில் தாண்டி டேங்குக்கு எதிரே" என்பதுதான் முகவரி.

பாம்பு வரும். வயல் இருந்தால் எலி, எலி இருந்தால் பாம்பு. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் இந்த நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான், அரசு மருத்துவமனையில் கிடைக்கும். கட்டு விரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலியே தெரியாமல் போகலாம், அதனால் கட்டிலும் கொசுவலையும் வாங்கிவிடுங்கள். கடித்தால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், நேராக ஆஸ்பத்திரி. பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் அந்த மருந்து எப்போதும் இருக்கும் என்று முதல் வாரமே கேட்டு, போன் நம்பரோடு கதவில் ஒட்டிவையுங்கள்.

பள்ளி விஷயத்தில், டவுனில் இருக்கும் மெட்ரிக் பள்ளிக்கு வேன் ஏற்றுவது எல்லோரும் செய்வது. அரசுப் பள்ளியையும் ஒரு நடை போய்ப் பாருங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, கல்லூரி சேர்ந்ததும் மாதம் 1,000 ரூபாய் என்பதெல்லாம் இருக்கிறது. பிள்ளை இப்போது ஐந்தாம் வகுப்பு என்றால் முடிவெடுக்கிற வருடம் இதுதான்.

8. நகரத்தில் ஒரு மூலை

வாரம் ஒரு ராத்திரியாவது தங்க சென்னையில் இடம் வேண்டும். சித்தப்பா வீடு முதல் மாதம் சரி, நான்காவது மாதம் சித்தியின் முகம் மாறும். பேயிங் கெஸ்ட் விடுதிகளில் வாரநாள் மட்டும் படுக்கை தருபவர்கள் இருக்கிறார்கள், இதே மாதிரி ஊருக்குப் போய்வரும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு சிறிய அறை எடுத்து நாளை மாற்றி மாற்றித் தங்கினால் அதைவிட மலிவு. இந்தச் செலவை முதலிலேயே கணக்கில் எழுதுங்கள். சென்னை வாடகையில் மிச்சமாவதாக நினைக்கும் பணத்தில் இந்த அறை, பெட்ரோல், இரண்டாவது பைக், இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் கழித்துவிட்டு என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தால், பலருக்கும் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. பணம் மிச்சமாகும் என்ற ஒரே காரணத்துக்காகப் போகிறவர் போகாமல் இருப்பதே நல்லது.

9. ஊரோடு

சாவுக்குப் போங்கள். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் மொய் எழுதுங்கள், திருவிழா வரி கேட்டு வந்தால் பேரம் பேசாமல் கொடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை நடக்கும், போய் உட்காருங்கள், முதல் வருடம் வாயைத் திறக்காமல். வந்த மூன்றாம் மாதமே மைக்செட் சத்தம், குப்பை என்று மனு எழுதும் மெட்ராஸ்காரரை ஊர் நெடுநாள் ஞாபகம் வைத்திருக்கும்.

10. மாறிய கையோடு செய்ய வேண்டியவை, அப்புறம் பின்வாங்கும் வழி

ஆதார் முகவரியை முதலில் மாற்றுங்கள், மற்றதெல்லாம் அதைப் பிடித்துத்தான் வரும்: ரேஷன் அட்டை, கேஸ் இணைப்பு, வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. வங்கிக் கணக்கை மாற்ற வேண்டிய அவசியமில்லை.

ஆபீஸ் ஐந்து நாளும் வரச் சொன்னால் என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். சென்னையில் சொந்த வீடு இருந்தால் முதல் இரண்டு வருடம் விற்காதீர்கள், வாடகைக்கு விடும்போது 11 மாத ஒப்பந்தமாகவே போடுங்கள். வீட்டுக் கடனை இரண்டு பேர் சம்பளமும் ஐந்து வருடம் இப்படியே வரும் என்று கணக்குப் போட்டு வாங்க வேண்டாம். ஆறு மாதச் செலவுக்கான பணம் தனியாக இருக்கட்டும், வேறு வேலை தேட அந்த அவகாசம் தேவைப்படும். பிள்ளையின் டி.சி. வாங்குவதென்றால் மே மாதத்தில்தான், நடுவில் வாங்கினால் இரண்டு பக்கமும் சீட் கிடைக்காது. எனவே ஜனவரியில் அப்படி ஒரு மெயில் வந்தால் மே வரை ஐந்து நாளும் நீங்கள் மட்டும் சென்னை அறையில், குடும்பம் ஊரில் என்று ஓட்ட முடியுமா என்று வீட்டில் இப்போதே கேட்டுவையுங்கள். முடியாது என்று பதில் வந்தால் செங்கல்பட்டைத் தாண்டாதீர்கள்.